பத்துப் பேருக்கு ஒரு மாடு

இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் நானூற்று இருபது ரூபாய் இருந்தது. இருக்க வேண்டியது எண்ணூற்று இருபது. சுலோச்சனா வீட்டில் மூன்று முறை எண்ணினாள், வரும் வழியில் தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று ஒரு முறை எண்ணினாள், இப்போது சாந்தாமணி வீட்டு முன்னறையில் பாயில் உட்கார்ந்துகொண்டு முந்தானைக்கு அடியில் விரலாலேயே தடவி ஐந்தாவது முறை எண்ணினாள். எண்ண எண்ணப் பணம் குட்டி போடும் என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தார்களா என்ன, நாலு நூறும் ஒரு இருபதும் நாலு நூறும் ஒரு இருபதுமாகவே இருந்தன. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி என்றால் குழுக் கூட்டம். பத்துப் பெண்கள், ஆளுக்கு வாரம் எண்ணூற்று இருபது, ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து அவளுக்காகக் கட்ட வேண்டும், கட்டி முடிகிற வரை ஒருத்தியும் எழுந்து போகக் கூடாது. இதைத்தான் சற்று முன்னால் எல்லோரும் எழுந்து நின்று, கையை நீட்டி, உறுதிமொழி என்று ஒப்பித்தார்கள். மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி உறுதிமொழி அவள் வாயில் தானாக ஓடும், இன்றைக்கு மட்டும் 'என் தவணையை நான் தவறாமல் செலுத்துவேன்' என்ற இடத்தில் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, உதட்டை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் நின்ற பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். பார்த்தாளா, கழுத்தைச் சொறிந்தாளா? பாக்கியத்துக்குக் கண் கொஞ்சம் ஒன்றரை, எதைப் பார்க்கிறாள் என்று சொல்ல முடியாது, அதனால் அவள் எதைப் பார்த்தாலும் சுலோச்சனாவின் சுருக்குப்பையைப் பார்ப்பது போலவே இருந்தது.

அந்த நானூறு எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். சேவல் தின்றுவிட்டது. சேவல் என்றால் கூடையில் அடைத்து முட்டைக்கு வளர்க்கும் வகையறா இல்லை, அவள் வீட்டுக்காரர் தண்டபாணியின் கட்டுச்சேவல், சண்டைக்குப் போகாத கட்டுச்சேவல், பயந்தாங்கொள்ளி, எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்தால் துணி துவைக்கிற மிசினுக்குப் பின்னால் போய் நிற்கும். ஆனால் சாப்பாடு மட்டும் சண்டைச் சேவல் சாப்பாடு. பாதாம் பருப்பு. ராத்திரி ஊறவைத்துத் தோலுரித்து நறுக்கி உள்ளங்கையில் வைத்து ஊட்டுவார் மனிதர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு பாதாம் உரித்துக் கொடுத்ததில்லை, பிரசவத்தின்போது கூட வேர்க்கடலைதான். பணத்தை அவள் மஞ்சள்தூள் டப்பாவுக்குள் போட்டு வைப்பது இந்தச் சேவலுக்குப் பயந்துதான். மஞ்சளுக்குள் கை விட்டால் கை காட்டிக்கொடுக்கும், எந்தத் திருடனும் நகக்கண்ணில் மஞ்சளோடு அகப்பட விரும்ப மாட்டான் என்பது அவள் கணக்கு. அவள் கொடுக்கும் நோட்டெல்லாம் ஓரம் மஞ்சளாகி ரசம் வாசம் அடிக்கும், தவணை வாங்க வரும் செல்வின் சார் வாராவாரம் அவள் பணத்தை எண்ணும்போது மட்டும் தவறாமல் இரண்டு தும்மல் போடுவார், குழுவே சிரிக்கும், அவளும் சிரிப்பாள், முழுப் பணம் கட்டுகிறவளுக்குச் சிரிக்க என்ன கஷ்டம். நேற்று ராத்திரி ஓவர்டைம் முடித்து ஒன்பதரைக்கு வந்தவள் டப்பாவைப் பார்க்காமலே படுத்துவிட்டாள். காலை ஆறரைக்குத் திறந்தால் பாதி இல்லை. மனிதர் கோடவுனில் வாட்ச்மேன், ராத்திரி டியூட்டி, போனை வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், எட்டு மணிக்குத்தான் திரும்பக் கொடுப்பார்கள். கூடைக்குள்ளிருந்து சேவல் அவளைப் பார்த்தது. ஒரு பக்கக் கண்ணால், பெரிய பணக்காரன் போல. நானூறு ரூபாய்க்குப் பாதாம் தின்ற கண் அது. திரும்பிப் போனதும் குழம்பு வைத்துவிட வேண்டியதுதான், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் கூட்டம் இன்னும் பணம் எண்ணும் கட்டத்துக்கு வரவில்லை, ஏனென்றால் பத்தாவது ஆள் வரவில்லை. மரகதம். எல்லோரும் வந்த பிறகுதான் செல்வின் சார் நோட்டைத் திறப்பார், அது அவர் வழக்கம், ஒருத்தி பணத்தை வாங்கிக்கொண்டால் அவள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று அனுபவத்தில் கற்றது. நாகர்கோயில்காரர், நாற்பது வயசு, இடுப்பு வலி, பைக்கிலேயே வாழ்கிறவர். பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்து, "வரட்டும், இருப்போம். நான் என்னக்கா செய்யதுக்கு? மேலாபீசுல எனக்குல்லா ஏச்சு விழும்" என்றார். மணி ஏழு இருபது. எட்டேகாலுக்குப் பிள்ளையார் கோயில் முக்கில் பனியன் கம்பெனி வேன் வரும், விட்டால் அரை நாள் சம்பளம் போச்சு, ஆகவே மரகதம் வந்துவிட வேண்டும் என்று சுலோச்சனா சாமியை வேண்டினாள். வந்துவிட்டால் நோட்டு திறக்கும், நோட்டு திறந்தால் நானூறு குறைவது தெரிந்துவிடும், ஆகவே மரகதம் வராமலே இருக்க வேண்டும் என்றும் அதே சாமியை வேண்டினாள். சாமிக்குத் தலை சுற்றியிருக்கும். நேரே எதிரில் சாந்தாமணி வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது, நாற்பத்து மூன்று அங்குலம், செய்தி. ஏதோ ஒரு பெரிய கம்பெனி, பெயரை அவள் கவனிக்கவில்லை, வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் உட்கார்ந்துவிட்டதாம், அரசாங்கம் அறுபத்திரண்டாயிரம் கோடி கொடுத்துத் தூக்கி விடுகிறதாம். கோட்டுப் போட்ட ஒருவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார், அந்தக் கம்பெனி விழுந்தால் அது மட்டும் விழாது, அதை நம்பி இருக்கும் எல்லோரும் விழுவார்கள், அதனால் விழ விடக் கூடாது. ஒரு லட்சம் என்றால் அவளுக்குப் புரியும், ஒரு லட்சத்தைக் கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிற இடத்தில் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதற்கு மேலே போகும் பூஜ்ஜியமெல்லாம் வெறும் முட்டை. அவளுக்குப் பிடிபடாதது வேறு ஒன்று. அந்தக் கம்பெனிக்காரரும் காலையில் எழுந்து யார் வீட்டுப் பாயிலாவது உட்கார்ந்து கையை நீட்டி உறுதிமொழி சொன்னாரா? அவர் வராதபோது மற்ற ஒன்பது கம்பெனிக்காரர்களையும் வேன் போனாலும் பரவாயில்லை என்று உட்கார்த்தி வைத்தார்களா? டிவியில் அவர் போட்டோவைக் காட்டினார்கள். சிரித்துக்கொண்டிருந்தார். குறைவாகக் கட்டினவர் முகம் மாதிரியே இல்லை. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது, பெரிய கடன்காரர் ஒருவர் நடுவில் நின்றுவிட்டால் பின்னால் நிற்கிற சின்னக் கடன்காரரை யாரும் பார்க்க மாட்டார்கள். எண்ணூற்று இருபது ரூபாய் மரகதத்தின் முதுகுக்குப் பின்னால் நானூறு ரூபாய் சுலோச்சனா எவ்வளவு வசதியாகக் குந்தியிருக்கிறாள்.

"பொறுப்பு வேண்டாமா ஒரு மனுசிக்கு? நாமெல்லாம் வெடியால எந்திரிச்சு வாரதில்லையா? என்னங்க்கா, நான் சொல்றது?" என்றாள் பாக்கியம். எல்லோரும் சுலோச்சனாவைப் பார்த்தார்கள், இந்த மாதிரிப் பேச்சுக்கு எப்போதும் அவள்தான் நாட்டாமை. போன தீபாவளிக்கு மரகதம் நூறு ரூபாய் குறைவாகக் கொண்டுவந்தபோது அவள் பேசிய பேச்சு அப்படி. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்றாள், கையில் இருப்பதற்குள் காலை நீட்டு என்றாள், என் வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் செவ்வாய்க்கிழமைப் பணம் எரியும் என்றாள், அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே அப்போதும் தெரியவில்லை, ஆனால் கைதட்டாத குறைதான். நுணலும் தன் வாயால் கெடும். மரகதம் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, காதில் கிடந்த தங்கத் திருகுத்தோட்டைத் திருகிக்கொண்டே இருந்தாள். அந்தத் திருகு இப்போது காதில் இல்லை என்பது போன வாரம் சுலோச்சனாவின் கண்ணில் பட்டது. பட்டதும் பார்க்காதது போல இருந்துவிட்டாள். "வருவா, வருவா" என்று மட்டும் சுலோச்சனா இப்போது முனகினாள். பாக்கியத்துக்கு அது போதவில்லை.

மரகதத்தின் கதை இந்தப் பத்துப் பேரில் யாருக்கும் தெரியாததில்லை. ஆளுக்கு நாற்பதாயிரம் கடன் கொடுத்தபோது ஃபாரத்தில் எதற்கு என்று ஒரு கட்டம் இருந்தது. செல்வின் சாரே, "கறவை மாடுன்னு போடுங்க, மேல சட்டுன்னு பாஸ் ஆவும்" என்றார். பத்துப் பேரும் கறவை மாடு என்று போட்டார்கள். ஆறடிச் சந்து, இரண்டு பக்கமும் லைன் வீடு, ஒரு ஆடு திரும்ப வேண்டும் என்றால் பின்பக்கமாகத்தான் போக வேண்டும், அதில் பத்து மாடு. சாந்தாமணியின் மாடு இதோ சுவரில் செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறது. பாக்கியத்தின் மாடு மகன் காலேஜுக்கு ஓட்டிப் போகும் பைக். சுலோச்சனாவின் மாடு வாஷிங் மெஷின், துணியைப் பிழியும்போது எம்பி எம்பிக் குதிக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும், ஒரு வகையில் மாடுதான். ஃபாரத்தில் எழுதியபடியே நிஜமாக மாடு வாங்கியவள் மரகதம் ஒருத்திதான். வெகுளி. அண்ணன் வீட்டுச் சாளைக் கொட்டகையில் கட்டிப் பால் கறந்தாள், வாரமெல்லாம் சந்துக்குப் பால் ஊற்றினாள். இரண்டு மாதம் கழித்து, கடன் வாங்கினவர்கள் மாட்டோடு நிற்கும் போட்டோ வேண்டும் என்று ஹெட் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தபோது ஒன்பது பேரும் மரகதம் வீட்டுக்குத்தான் ஓடினார்கள். மரகதம்தான் தன் மாட்டைப் பிடித்து வந்தாள். கோணக்கொம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதை ஒவ்வொரு வாசலாக நிறுத்தி, ஒவ்வொருத்தியும் சேலை மாற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நின்றார்கள், செல்வின் சார் எடுத்தார். சுலோச்சனா முறை வந்தபோது அது அவள் புதுச்சேலையில் ஒரு வாய் நக்கியது, நாக்கு அரம் மாதிரி இருந்தது, சூடாக. ஹெட் ஆபீசில் யாரோ, திருப்பூர் மாடெல்லாம் ஒரே ஜாதி போலிருக்கிறதே என்று கேட்டாராம், ஆமாம் சார் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டாராம் இவர். அதற்காக மரகதம் ஒருத்தியிடமும் ஒரு பைசா கேட்கவில்லை. இப்போது ஒன்றரை மாதமாக அந்த மாட்டுக்கு வயிறு சரியில்லை. ரோட்டோரம் குவிந்து கிடந்த பனியன் வேஸ்ட்டைத் தின்றுவிட்டது, துணி வயிற்றில் பந்தாகச் சுருண்டுகொண்டது, டாக்டர் வயிற்றைக் கீறி எடுத்தார், பால் நின்றுவிட்டது. கோட்டுக்காரர் டிவியில் திரும்பத் திரும்ப அதையே சொன்னார், விழ விடக் கூடாது, எல்லோரும் அதன் மேல்தான் நிற்கிறோம். நாலு லட்ச ரூபாய்க் கடன் அந்தக் கோணக்கொம்பு மேல்தான் நிற்கிறது என்று சுலோச்சனாவுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. தெரிந்து என்ன, அவள் சுருக்குப்பை அதே நானூற்று இருபதைத்தான் வைத்திருந்தது.

அரசாங்கம் அவளையும் ஒரு தடவை தூக்கி விட வந்ததுதான். கூட்டுறவு வங்கியில் தாலிக்கொடியைத் தவிர இருந்த ஒரே சங்கிலியை அடகு வைத்திருந்தாள். தேர்தல் வருது, நகைக்கடன் தள்ளுபடி ஆகும், திருப்பாதே திருப்பாதே என்று தண்டபாணி தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கடன் வாங்கினால் கட்ட வேண்டும் என்று இவள் ஓவர்டைம் பார்த்து, சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்து, வட்டியோடு கட்டித் திருப்பினாள். பதினெட்டாம் நாள் தள்ளுபடி. தூக்கி விட ஆள் வந்த நேரத்தில் இவள் எழுந்து நின்று சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கட்டாத சாந்தாமணிக்குச் சங்கிலி சும்மா வந்தது, அதைப் போட்டுக்கொண்டு வந்து, "உங்களுக்கு அவசரமுங்க்கா" என்றாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இவள் அழத் தெரியாத பிள்ளை. அன்றிலிருந்து தள்ளுபடி என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு நெஞ்செரிச்சல். ஆனால் அதுவும் ஒரு கௌரவம்தானே, சுலோச்சனா ஒரு வாரம் கூடத் தவறாதவள் என்று இந்தச் சந்தில் பேர் இருக்கிறது, அந்தப் பேரை வைத்துத்தான் அடுத்த மாதம் எண்பதாயிரம் பெரிய கடன் கேட்டிருக்கிறாள், மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டல் பணம் கட்ட அதை விட்டால் வழியில்லை. கடன் அட்டையில் ஒரே ஒரு வாரம் குறைவு என்று விழுந்தாலும் பெரிய கடன் கிடையாது. அட்டை பூராவும் இதுவரை டிக்காக இருக்கிறது, சின்னப் பிள்ளைப் பரீட்சைத்தாள் மாதிரி. நானூறு குறைகிறது என்று வாயைத் திறந்து சொல்லிவிடலாமா? யாராவது ஒருத்தியிடம் காதில் கேட்கலாமா? பாக்கியத்திடம் கேட்டால் சாயங்காலத்துக்குள் பல்லடம் வரை போய்விடும். ஏழு ஐம்பது. இடுப்பில் வியர்த்தது, நோட்டு நனைந்தால் மஞ்சள் ஊறிச் சேலையில் இறங்கும் என்று வேறு பயம்.

சாந்தாமணி எழுந்து சமையற்கட்டுக்குள் போனாள். வரும்போது கையில் ஒரு சில்வர் தட்டு. "இன்னிக்கு அவ வாரது மாதிரி தெரியலைங். ஆளுக்கு நூறு போடுங்கோ, தொள்ளாயிரம் ஆகுது, அவ தவணை போக மிச்சத்தை டீ குடிச்சுக்கலாம். வேனு போயிரும்" என்று தன் நூறைப் போட்டுத் தட்டை நகர்த்தினாள். ஒருத்தி முணுமுணுத்தாள், ஒருத்தி "பொழைக்கத் தெரியாதவ" என்றாள், ஆனாலும் போட்டாள். ஆளுக்கு ஒரு வசவும் நூறு ரூபாயுமாகத் தட்டு நகர்ந்து வந்தது. அரசாங்கமும் இப்படித் திட்டிக்கொண்டேதான் கொடுக்குமோ? அந்த அறுபத்திரண்டாயிரம் கோடியில் தன் பணம் எவ்வளவு இருக்கும் என்று சுலோச்சனா யோசித்தாள். தீப்பெட்டி வாங்கினாலும் வரி என்கிறார்கள். அப்படியென்றால் அந்தச் சிரித்த முகத்துக்காரருக்கு அவளும் தட்டில் போட்டிருக்கிறாள், யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் திட்டவில்லை. தட்டு மடிக்கு வந்தது. இப்போது போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போட்டால் தவணைக்குக் குறைவது ஐநூறாகும். முழங்கால் வரை சேற்றில் நிற்கிறவள் அடுத்தவளைத் தூக்கி விடக் குனிந்தால் என்ன ஆகும்? மூக்கு வரை போகும். அவள் கை சுருக்குப்பைக்குள் போயிற்று, மஞ்சள் ஓரத்தோடு ஒரு நூறை எடுத்தது, எல்லோரும் பார்க்கும்படி தட்டில் போட்டது. "பாவம், மாட்டுக்கு ஒடம்பு சரியில்லாம என்ன பண்ணுவா" என்று வாய் வேறு சேர்த்துக்கொண்டது. கௌரவம் என்பது எவ்வளவு செலவு பிடித்த சாமான் என்று அவளுக்கு அப்போது தோன்றிய அளவு வேறு எப்போதும் தோன்றியதில்லை.

தட்டு செல்வின் சார் கைக்குப் போகும் நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். மரகதம். மூச்சு இரைக்க, தலை சீவாமல், சேலைக் கரையில் வைக்கோல் ஒட்டியபடி. "மன்னிச்சுக்கோங் சார், வேலை குடுக்கற கண்டிராக்டரு ஏழரைக்கு மேலதான் கதவத் தெறந்தாரு, அட்வான்ஸ் வாங்கீட்டு ஓடியாறேன்" என்று சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். எட்டு மணி. செல்வின் சார் நோட்டைத் திறந்தார். மரகதம் நாலைந்து இடத்துப் பணம் என்று பார்த்தாலே தெரிகிற மாதிரி ஒரு கட்டைக் கொடுத்தாள், கசங்கினது, எண்ணெய் பட்டது, பத்து ரூபாய்ச் சில்லறை. அவர் எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தார். நூறு, இருநூறு, இருநூற்றைம்பது. முந்நூற்றைம்பது என்றபோது மூக்கைச் சுளித்தார். நானூற்றைம்பதில் தலையைப் பின்னால் சாய்த்தார். அப்புறம் தும்மினார். ஒன்று. இரண்டு. "என்ன இது, சுலோச்சனாக்கா துட்டு மாதிரியே இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். சுலோச்சனா சிரிக்கவில்லை. மரகதமும் சிரிக்கவில்லை, அவள் சுலோச்சனாவைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சட்டென்று காதைத் தொட்டாள், திருகு இல்லாத காதை. அந்த ஒரு பார்வையில் சுலோச்சனாவுக்கு நேற்று சாயங்காலம் முழுவதும் தெரிந்துவிட்டது. இவள் ஓவர்டைமில் இருக்கும்போது மரகதம் வாசலில் வந்து நின்றிருப்பாள், அக்கா இல்லீங்களா என்றிருப்பாள், தண்டபாணி அழுகிற யாரைப் பார்த்தாலும் தானும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர், பஸ்ஸில் அழும் குழந்தைக்கே தன் டிக்கெட்டைக் கொடுப்பவர், டப்பாவைத் திறந்து கையை விட்டிருப்பார். அவளிடம் சொல்ல மறந்து, போன் பூட்டிவைக்கும் டியூட்டிக்குக் கிளம்பியிருப்பார். சேவல் ஒரு பாதாம் தின்னவில்லை. காலையிலிருந்து அதைக் குழம்பு வைத்து, வறுத்து, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பியாகிவிட்டது மனசுக்குள். கோபம்தான் முதலில் வந்தது, என் பணத்தைக் கொண்டுவந்து என் முன்னாலேயே எண்ணுகிறாளே என்று. சொல்லிவிடலாம், அது என் பணம் என்று. சொன்னால் மரகதத்துக்குக் குறையும். சொல்லாவிட்டால் இவளுக்குக் குறையும். குறை என்னவோ ஒன்றுதான், இரண்டு பேர் மடியில் எங்கே உட்காருவது என்று அது பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் திருகில்லாத காதைப் பார்த்துவிட்டு அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

"சுலோச்சனாக்கா" என்று செல்வின் சார், மரகதத்தின் எண்ணூற்று இருபதை எண்ணி முடித்ததும் கூப்பிட்டார். அவள் மூன்று நூறையும் ஒரு இருபதையும் கொடுத்தாள். அவர் வாங்கி, திருப்பிப் பார்த்து, அடியில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று உள்ளங்கையைப் பார்த்தார். "ஐநூறு கொறையுதுங் சார்" என்றாள். அந்தக் குழுவில் அவள் பேசியதிலேயே சின்னப் பேச்சு. மூன்று வருஷம் பேசிய பேச்செல்லாம், அடுப்பு எரியாவிட்டாலும் பணம் எரியும் என்றதெல்லாம், திரும்பி வந்து வரிசையாக அவள் முன்னால் பாயில் உட்கார்ந்தது. காது மடல் சுட்டது. பாக்கியம் வாயைத் திறந்தாள். இதோ, பல்லடம் வண்டி கிளம்புகிறது என்று சுலோச்சனா கண்ணை மூடிக்கொண்டாள். "தட்டு இங்கதான இருக்குது" என்றாள் பாக்கியம், "என்னங்க்கா நீங்க, கொறையறவங்க எதுக்கு நூறு ரூவாயத் தூக்கிப் போட்டீங்க? கிறுக்கா உங்களுக்கு?" அதுதான் அவள் சொன்னது, அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, தட்டைக் காலால் தள்ளிவிட்டாள். சாந்தாமணி எண்ணினாள், தொள்ளாயிரம். மரகதம் முந்தானையில் இன்னொரு முடிச்சை அவிழ்த்து ஒரு நூறு ரூபாய் நோட்டைத் தட்டில் வைத்தாள். "தவுடு வாங்கறதுக்கு வெச்சிருந்தேன். சாயங்காலம் வாங்கிக்கறேன்." ஓரம் மஞ்சளாக இருந்தது. "இப்ப ஆயிரம். ஐநூறு சாருக்கு. மிச்சம் ஐநூறு, பத்துப் பேரு, ஆளுக்கு அம்பது, கணக்குத் தீந்துச்சு" என்றாள் சாந்தாமணி. செல்வின் சார் சில்லறை மாற்றிக் கொடுத்தார், எல்லோரும் ஐம்பது ஐம்பதாக எடுத்துக்கொண்டார்கள், குறையக் கட்டினவளுக்கும் ஒரு ஐம்பதை நீட்டினார்கள், அவளும் வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். அவர் அவளுடைய அட்டையை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். முழுத் தொகை என்று எழுதி டிக் போட்டார், அவள் பணத்தை அடுக்கி ரப்பர் போட்டபோது மறுபடியும் தும்மினார். டிவியில் அந்தக் கம்பெனிக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், யாருக்கும் நன்றி சொன்ன மாதிரித் தெரியவில்லை. சுலோச்சனாவுக்கும் சொல்லத் தெரியவில்லை, மூக்கை உறிஞ்சினாள், செல்வின் சாரிடமிருந்து ஒட்டிய தும்மல்தான் தனக்கும் வருகிறது என்பது போல.

வேன் ஹாரன் அடித்தது. ஒன்பது பேரும் செருப்பைத் தேடி வாசலில் முட்டி மோதினார்கள், மரகதம் மட்டும் ஒதுங்கி நின்றாள். "அக்கா, நேத்து மாமாதான்..." என்று ஆரம்பித்தாள். "கம்முனு இரு" என்றாள் சுலோச்சனா. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, தீபாவளிக்குப் பேசினதைப் பற்றி, ஆனால் அதற்கு வேன் நிற்காது. "மாடு ஏதாச்சும் தின்னுச்சா?" "ராத்திரி நாலு வாய் வைக்கோலு தின்னுச்சுங்க்கா. அசை போட்டுச்சு. சாமத்துல நான் போயிப் பாத்தேன்." "பாலு வந்தா மொத ஒழக்கு எங்கூட்டுக்கு ஊத்து, காசு குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு சுலோச்சனா ஓடினாள். வேனில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. இடுப்பில் ஐம்பது ரூபாய் இருந்தது. தண்டபாணி இந்நேரம் வீட்டுக்கு வந்து டப்பாவைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார், நகக்கண்ணில் மஞ்சளோடு. சாயங்காலம் வரை போனை எடுக்கப் போவதில்லை, கிடந்து தவிக்கட்டும், அந்த அளவுக்குத் தண்டனை நியாயம்தான். சேவலை நினைத்தால்தான் சங்கடமாக இருந்தது. பயந்தாங்கொள்ளி, ஒரு வம்புக்கும் போகாதது, செய்யாத குற்றத்துக்குக் காலையிலிருந்து அதை எத்தனை தடவை அடுப்பில் ஏற்றிவிட்டாள். ஐம்பது ரூபாய்க்கு எத்தனை பாதாம் வரும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். ஒரு கைப்பிடி வந்தால் அதிகம் என்றாள் அவள். பரவாயில்லை என்று சுலோச்சனா சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டாள். அதில் ஒன்றே ஒன்று தனக்கு.